முதலாளி குரல்

பதினொன்று இருபதுக்கு வேன் நின்றது.

இரண்டு பக்கமும் இருட்டு. வீடு இல்லை, விளக்கு இல்லை. எஞ்சினுக்குள் எதுவோ சொட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் பங்க் வரை நடந்து பார்க்கிறேன் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரைவர் போனார். அந்த வெளிச்சம் வளைவில் திரும்பியதும் எங்களுக்கு எங்கள் கைகளே தெரியவில்லை.

எங்கள் பழைய மேனேஜரின் இறுதிச் சடங்குக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எல்லாரும் ஒரே அலுவலகம். கண்ணாடியை இறக்கினால் குளிர், ஏற்றினால் மூச்சு முட்டியது. பாதி இறக்கி வைத்து, ஒருவரை ஒருவர் நெருக்கி உட்கார்ந்தோம்.

பிறகு, பின் சீட்டிலிருந்து மேனேஜர் பேசினார்.

"ஏம்மா... நான் என்ன கேட்டேன், நீ என்ன கொண்டுவந்திருக்கே?"

அப்படியே அவர் குரல். ஸ்டோரைக் கவனித்துக்கொள்ளும் அக்கா வீறிட்டுவிட்டார். அடுத்த நொடி எல்லாரும் சிரித்தோம். பேசியது டேப், எங்கள் ஆபீஸ் பையன். ஒருமுறை காதில் விழுந்த குரலைத் திருப்பிச் சொல்வான். அதனால் அந்தப் பெயர்.

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வர்ற வாயாடா அது?" என்றார் ஸ்டோர் அக்கா. அவருக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

"மனுஷன் இருந்தா அவரே சிரிச்சிருப்பாருக்கா. இன்னொண்ணு சொல்லட்டா? லீவு கேட்டா இருமுவாரே, அது?"

"வேண்டாம்" என்றேன்.

"என்ன சார், பயமா?"

"என் மச்சானும் உன்னை மாதிரிதான். குரல் எடுப்பாரு. இப்ப எடுக்கிறதில்ல."

"ஏன், தொண்டையில ஆணி அடிச்சுட்டாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை.

"சொல்லுங்க" என்றார் ஸ்டோர் அக்கா. "டிரைவர் வர்ற வரைக்கும் எதையாவது சொல்லித்தானே ஆகணும்."

சொன்னேன்.

என் மனைவியின் அண்ணன் அவர். குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலை. மீன், இறைச்சி, பட்டாணி எல்லாம் கல்லாக உறைந்து பெட்டி பெட்டியாக இருக்கும். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு மண்பாதையின் கடைசியில் அந்தக் கிடங்கு. அதற்கு அப்பால் எதுவும் கிடையாது. அங்கே போகிறவன் அங்கேதான் போகிறான்.

ராத்திரியில் நான்கு பேர். மச்சான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பேக்கிங் பார்க்கும் ஒருவர், அவரைக் குள்ளர் என்பார்கள். கம்ப்ரஸர் அறையில் ஒரு மெஷின்காரர்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். கழுத்தில் எப்போதும் ஒரு சாம்பல் நிற மப்ளர். வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட். பேசினால் குரல் மூக்கிலிருந்து வரும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு சின்ன இருமல். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்று யாரும் சொன்னதில்லை. யாரையும் அடித்ததில்லை, யாரிடமும் தயவாக ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி வீட்டுக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு குளிர் அறைக்குள்ளும் தனியாகப் போய் நிற்பார். மோப்பம் பிடிப்பார். அறையைக் குளிர வைக்கும் அமோனியா வாயு கசிகிறதா என்று. அதற்கு மீட்டர் இருந்தது. அவர் மீட்டரை நம்ப மாட்டார், மூக்கைத்தான் நம்புவார். உள்ளே போகிறவர் தன்னுடைய பொருள் ஒன்றை வெளியே கதவுக் கொக்கியில் மாட்ட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். தொப்பியோ, துண்டோ, எதுவோ. கொக்கியில் ஏதாவது தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அவர் மாட்டுவது மப்ளரை.

ஒவ்வொரு அறைக்குள்ளும் சுவரில் ஒரு இன்டர்காம் பெட்டி. பேக்கிங் ஹாலில் ஒன்று, கம்ப்ரஸர் அறையில் ஒன்று, குளிர் அறைகளுக்கு முன்னால் உள்ள நடையில் ஒன்று. பட்டனை அமுக்கிப் பேசினால் எல்லா இடத்திலும் கேட்கும். பட்டனை விட்டால்தான் மற்றவர் பேசுவது நமக்குக் கேட்கும். அவ்வளவுதான் அந்த மெஷின்.

முதலாளியின் கார் கிளம்பியதும் ராத்திரியின் இன்னொரு பாதி தொடங்கும். டீ நேரத்தில் ஒருவர் எழுந்து நடைக்குப் போய் இன்டர்காமில் முதலாளி மாதிரி பேச வேண்டும். ஹாலில் இருப்பவர்கள் மார்க் போடுவார்கள். யார் குரல் சரியாக வரவில்லையோ அவர் அன்றைக்குத் தரையில் படிந்த பனியைச் சுரண்ட வேண்டும். இது பல வருஷமாக நடந்தது. மச்சான் ஒருநாளும் சுரண்டியதில்லை. அந்த இருமலை அவர் போட்டாரென்றால் உண்மையிலேயே நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்களாம். எப்போதும் சுரண்டியது மெஷின்காரர். அவருக்குக் குரலே வராது. வராது என்று தெரிந்தும் திடீர் திடீரென்று கம்ப்ரஸர் அறையிலிருந்து பேசிப் பார்ப்பார்.

"எங்க சித்தப்பா மாதிரி" என்றான் டேப். "பாட வராது, மைக்கை விட மாட்டாரு."

"நடுவுல பேசாதடா" என்றார் அக்கா.

அன்றைக்கு முதலாளியின் கார் ரிப்பேருக்குப் போயிருந்தது. அவருடைய டிரைவர் வேறு வண்டியில் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. அந்த டிரைவரோ, முதலாளி ஏற்கெனவே யாருடனோ போய்விட்டார் என்று நினைத்து வராமல் இருந்துவிட்டார். இது யாருக்கும் தெரியாது. வாசலில் கார் இல்லை. கார் இல்லையென்றால் முதலாளி இல்லை. அப்படித்தான் எல்லாரும் பழகியிருந்தார்கள்.

டீ ஊற்றிச் சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள். மூன்று பேர். மெஷின்காரர் மட்டும் அவர் அறையில். அப்போது ஹாலில் இன்டர்காம் கரகரத்தது.

"கதவு திறக்கலப்பா... யாராவது வாங்க."

குள்ளர் சிரித்தார். "மெஷின்காரன் ஆரம்பிச்சுட்டான்யா."

குரல் நடுங்கியது. மூக்கில் வரவில்லை, தொண்டையிலிருந்து வந்தது. இருமல் இல்லை. முதலாளி மாதிரியே இல்லை. மச்சான் கையில் சீட்டோடு போய்ப் பட்டனை அமுக்கினார்.

"குரல் சரியா வரல. இன்னும் கொஞ்சம் மூக்குல வரணும்."

பட்டனை விட்டார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு...

"நான்தான்பா பேசறேன். ரெண்டாம் ரூம். தயவுசெஞ்சு வாங்க."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"தயவுசெஞ்சாமே!" என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர்.

மச்சான் மறுபடி அமுக்கினார். "தப்பு. அந்த ஆளு வாயில என்னைக்குய்யா அந்த வார்த்தை வந்திருக்கு? அதை எடுத்துடு. முன்னால ஒரு இருமல் போடு. மறுபடி சொல்லு."

ஒரு இருமல் கேட்டது. சின்னதாக. வறண்டு.

"இருமல் பரவால்ல" என்றார் குள்ளர்.

"நான்தான்..." என்றது குரல்.

அப்போது மச்சானுக்கு ஒரு குறும்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டனை அமுக்கி, முதலாளியின் குரலிலேயே சொன்னார்.

"டேய், நான்தான்டா முதலாளி. நீ யாரு?"

அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. பட்டன் அமுங்கும் சத்தம் மட்டும் வந்தது. அதோடு இன்னொரு சத்தம்... டக் டக் டக் டக் என்று, பல்லும் பல்லும் தட்டுகிற மாதிரி. மெஷின்காரர் எதையோ வைத்துத் தட்டுகிறார் என்று நினைத்தார்கள்.

"போதும், ஆட்டத்துக்கு வா" என்றார் குள்ளர். எழுந்து போய் இன்டர்காம் பட்டனை அமுக்கி, இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகினார். பட்டன் அமுங்கியே நின்றது. இனி அந்தப் பக்கக் குரல் வராது. இவர்கள் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். "நம்ம ஆட்டத்தை உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கட்டும்."

சீட்டு விளையாடினார்கள். முதலாளியைப் பற்றித்தான் பேச்சு. எந்த ராத்திரியும் அதுதான் பேச்சு. அவர் மூக்கைப் பற்றி. அவர் கஞ்சத்தனத்தைப் பற்றி. அவர் செத்தால் யார் அழுவார்கள் என்று ஒரு பந்தயம்கூட. ஒருவருமில்லை என்று மூன்று பேரும் சொன்னதால் பந்தயம் நடக்கவில்லை.

நடுவில் மெஷின்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு டீக்கு வந்தார்.

"இன்னைக்குக் கொஞ்சம் தேறிட்டீங்க" என்றார் மச்சான்.

"எதுல?"

"குரல்லதான்."

"நான் எங்க பேசினேன்? இப்பத்தான் முழிச்சேன்."

"நடிப்பு மட்டும் குரலை விட நல்லாருக்கு" என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர்.

சிரித்தார்கள். மெஷின்காரரும் சிரித்துவிட்டு டம்ளரோடு திரும்பிப் போனார்.

மச்சான் என்னிடம் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். அவரும் சிரித்தார். ஆனால் நடை இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எழுந்து நடந்திருந்தால் இரண்டாம் அறைக் கதவு கண்ணுக்குத் தெரியும். கொக்கி தெரியும். அவர் கையில் அப்போது நல்ல சீட்டு இருந்தது. "நல்ல சீட்டு, மாப்பிள்ளை" என்பார். "அவ்வளவு நல்ல சீட்டு எனக்கு வந்ததே இல்ல."

பிறகு ஹாலில் போன் அடித்தது. முதலாளி வீட்டு அம்மா.

"அவர் கிளம்பிட்டாராப்பா?"

"அப்பவே கிளம்பிட்டாரும்மா" என்றார் மச்சான். போன் இருந்தது இன்டர்காம் பெட்டிக்குப் பக்கத்தில். தீக்குச்சி அப்படியே இருந்தது.

வேனுக்குள் ஸ்டோர் அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

காலையில் லோடு வந்தபோதுதான் பார்த்தார்கள். கொக்கியில் மப்ளர் தொங்கியது. உள்ளிருந்து தள்ளித் திறக்கும் கம்பி பனியில் இறுகிப்போயிருந்தது. அவர் இன்டர்காம் பெட்டியின் கீழே நின்றபடி சுவரில் சாய்ந்திருந்தார். விழவில்லை. விழ முடியாது. காது பெட்டியோடு ஒட்டியிருந்தது.

கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தன் மனைவிக்குச் சொன்ன பதிலையும்.

போலீஸ் வருமுன் ஃபோர்க்லிஃப்ட்காரர் ஒரு வேலை செய்தார். ஹாலில் இருந்த இன்டர்காமின் வயரைக் கத்தியால் அறுத்தார். குள்ளர் தீக்குச்சியைப் பிடுங்கி வாயில் போட்டு மென்று விழுங்கினார். மச்சான் பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் கேட்டபோது நான்கு பேரும் ஒரே பதில் சொன்னார்கள். இன்டர்காம் ரொம்ப நாளாக ரிப்பேர்.

இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அவர் படத்துக்கு முன்னால் மைக். ஒவ்வொருவராகப் பேசினார்கள். மச்சானையும் பேசச் சொன்னார்கள். எங்களுக்கெல்லாம் அப்பா மாதிரி என்றார். அவர் கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போவோம் என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முன் வரிசையில் முதலாளி வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நன்றி சொல்வது போல.

மற்ற மூன்று பேரும் வேலையை விட்டார்கள். மச்சான் விடவில்லை. விட்டால் சந்தேகம் வரும் என்று நினைத்தார். புது ஆட்களோடு அதே ஹாலில், அதே ராத்திரி வேலை. இரண்டாம் அறையை மூடி வைத்துவிட்டார்கள்.

ஒரு ராத்திரி மற்றவர்கள் லோடு ஏற்ற வெளியே போயிருந்தார்கள். ஹாலில் அவர் மட்டும். முதலில் வாசனை வந்தது. பெப்பர்மின்ட். ஜில்லென்று மூக்கின் நுனியில். பிறகு இன்டர்காம் கரகரத்தது.

வயர் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. செப்புக் கம்பியின் முனைகள் தெரிந்தன. பெட்டி கரகரத்தது.

"கதவு திறக்கலப்பா... யாராவது வாங்க."

மச்சான் ஓடி வெளியே போய் லாரி வெளிச்சத்தில் நின்றுகொண்டார்.

அடுத்த ராத்திரி மறுபடி. இந்தமுறை குரல் கொஞ்சம் மூக்கில் வந்தது.

அதற்கடுத்து, முன்னால் ஒரு இருமல்.

அதற்கடுத்து, "தயவுசெஞ்சு" இல்லை.

"திருத்திக்கிட்டே வர்றாரு மாப்பிள்ளை" என்றார் மச்சான். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெளியே வெயில். அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். "நான் சொன்ன ஒவ்வொண்ணையும் திருத்திக்கிட்டே வர்றாரு. பேசி முடிச்சதும் ஒரு கேள்வி கேக்குறாரு."

"என்ன கேள்வி?"

"'இப்ப சரியா வருதா'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? சரியா வருதுன்னு சொல்லவா? அவர் குரல் சரியா இருக்குன்னு அவர்கிட்டயே மார்க் போடவா?" இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். என் மனைவி அடுப்பைப் பார்த்தபடி அழுதாள்.

நான் அவரை விடச் சின்னவன். புத்தி சொல்லும் இடத்தில் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"அந்த அம்மாகிட்ட போய் உள்ளதைச் சொல்லிடுங்க மச்சான். திட்டுவாங்க. போலீசுக்குப் போவாங்க. போகட்டும்."

மச்சான் முகத்திலிருந்து கையை எடுத்தார். "நீயும் கூட வா. தனியாப் போனா வேற எதையாவது பேசிட்டு வந்துடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

அன்றைக்கு இருட்டின பிறகு போனோம். மாடி வீடு. குறுகலான படிக்கட்டு, மேலே ஒரு மஞ்சள் பல்பு. ஏறும்போது மச்சான் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"உள்ள போனதும் முதல் வார்த்தையே அதுதான். உக்காரச் சொன்னாலும் உக்காரக் கூடாது. நின்னுக்கிட்டே சொல்லிடணும். அன்னைக்கு அவர் கூப்பிட்டாரும்மா. எங்களுக்குக் கேட்டுச்சு. அவ்வளவுதான். ரெண்டே வரி."

அந்த அம்மா கதவைத் திறந்தார். மச்சானைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது எனக்கே தாங்கவில்லை.

"வாங்கப்பா, வாங்க. இவரு?"

"தங்கச்சி வீட்டுக்காரரும்மா."

"உக்காருங்க."

மச்சான் உட்கார்ந்தார்.

சுவரில் படம். அதன் பக்கத்தில் ஆணியில் அந்தச் சாம்பல் மப்ளர். அந்த அம்மா டீ கொண்டுவந்தார். மச்சான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார், மூடினார். நான் அவர் காலை என் காலால் தட்டினேன்.

"அம்மா... ஒரு விஷயம்..."

"எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் அந்த அம்மா. "எப்படிக் கேக்குறதுன்னு தெரியாம இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க."

அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நீங்கதானே அவர் மாதிரி பேசுறது?"

மச்சான் டம்ளரைத் தரையில் வைத்தார்.

"பயப்படாதீங்க. அவருக்குத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும். ஒருநாள் எதையோ மறந்து வெச்சுட்டுத் திரும்பி வந்திருக்காரு, நீங்க பேசிக்கிட்டிருந்தீங்களாம். கதவுக்கு வெளியவே நின்னு முழுசாக் கேட்டுட்டு, சத்தம் போடாம வந்துட்டாரு. வீட்டுல வந்து சிரிக்கிறாரு, சிரிக்கிறாரு. 'என்னை விட என்னை மாதிரி பேசுறான்டி, நான் போய் அவன்கிட்ட கத்துக்கணும்'னு. அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே கொஞ்சம்தான்."

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தது. செருப்பால் அடித்திருந்தால்கூட அவர் நிமிர்ந்திருப்பார் என்று தோன்றியது.

"அவர் குரலை எதுலயும் பதிஞ்சு வெக்கல. போட்டோ இருக்கு. குரல் இல்ல. மறந்துடுமோன்னு பயமாருக்கு." அந்த அம்மா மப்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தினமும் வந்து வாசல்ல நின்னு 'கதவைத் திற'ம்பாரு. பெல்லு அடிக்க மாட்டாரு. அதைத்தான் கேக்கணும். அன்னைக்கு ராத்திரியும் அதைக் கேக்கத்தான் விடிய விடிய உக்காந்திருந்தேன். ஒரே ஒரு தடவை சொல்லுங்கப்பா. வெளிய நின்னு. நான் உள்ள இருக்கேன்."

"அம்மா, அதுக்கு முன்னால நான்..."

"தப்பாக் கேட்டுட்டேனா?"

"இல்லம்மா" என்றார் மச்சான்.

அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

வெளியே வந்தோம். அந்த அம்மா கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. மச்சான் கதவுக்கு முன்னால் நின்றார். நான் மூன்று படி கீழே இறங்கி நின்றேன். மஞ்சள் வெளிச்சத்தில் அவர் முகத்தின் ஒரு பக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"முடியல மாப்பிள்ளை" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "கதவைத் தட்டி உள்ளதைச் சொல்லிடறேன்."

"சொல்லிடுங்க."

கையைத் தூக்கினார். தட்டவில்லை. கை அப்படியே நின்றது. குரலும் கொடுக்கவில்லை. உள்ளே அந்த அம்மாவின் வளையல் ஒருமுறை குலுங்கியது. காத்துக்கொண்டிருந்தார்.

இங்கே நான் நிறுத்தினேன். சாலையில் டார்ச் வெளிச்சம் எதுவும் வரவில்லை. எஞ்சினில் சொட்டுவதும் நின்றிருந்தது.

"அப்புறம்?" என்றான் டேப். அவன் சொந்தக் குரல் அது. அதை நான் அவ்வளவாகக் கேட்டதில்லை. சின்னப் பையனுடைய குரல் மாதிரி இருந்தது.

அப்புறம் படிக்கட்டு ஜில்லென்றாயிற்று. ஜன்னல் கிடையாது, காற்று வர வழி கிடையாது. கணுக்காலிலிருந்து குளிர் ஏறியது. பெப்பர்மின்ட் வாசனை. அதோடு மூக்கைக் குத்தும் இன்னொரு வாசனை. அமோனியா.

ஒரு சின்ன இருமல்.

"கதவைத் திற. நான்தான்."

மூக்கிலிருந்து வந்த குரல். நடுக்கம் இல்லை. நான் அந்த முதலாளியைப் பார்த்ததில்லை, அவர் குரலைக் கேட்டதில்லை. மச்சான் பிரமாதமாகப் பேசிவிட்டார் என்றுதான் ஒரு நொடி நினைத்தேன்.

ஆனால் நான் மச்சானின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் வாய் மூடியிருந்தது. பல்லைக் கடித்திருந்ததில் தாடை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

உள்ளே அந்த அம்மா அழுதார். "ஐயோ, அப்படியே... அப்படியே இருக்குப்பா..." தாழ்ப்பாளை இழுத்தார். அது சரியாக வரவில்லை. கம்பி தகரத்தில் தட்டியது. டக் டக் டக் டக்.

மச்சான் கதவைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பினார். என்னையும் பார்க்கவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் இரண்டு படி காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்.

அங்கிருந்து அதே குரல், தணிந்து, ஒரு வேலைக்காரன் முதலாளியிடம் கேட்பது போல அவ்வளவு பணிவாகக் கேட்டது:

"இப்ப சரியா வருதா?"